பிந்தி வந்தோரின் கூலி

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, பாபநாசத்தில் அருவியாய் வீழ்ந்து சமவெளியில் கால் வைக்கிறது. நீராடிப் பாவம் போக்கிக்கொள்ள வருவோர்க்கு இது புண்ணியத் தலம். வரலாற்றை நாடுவோர்க்கு இவ்வூரில் வேறொரு செய்தியும் உண்டு. இப்பள்ளத்தாக்கில் களத்து மேட்டில் நெல்லாக அளக்கப்பட்டு வந்த கூலி, ரொக்கச் சம்பளமாக மாறத் தொடங்கிய இடங்களுள் பாபநாசமும் ஒன்று. 1885ஆம் ஆண்டில் ஹார்வி நிறுவனத்தார் அருவி நீரின் விசையை நம்பி இங்கே நூற்பாலை அமைத்தனர். அருகிலுள்ள விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளரின் ஊராக வளர்ந்தது. 1944இல் அதே நீரைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் அரசின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒரே ஆற்றின் ஒரே திருப்பத்தில் கம்பெனிக் கூலியும் சர்க்கார் சம்பளமும் அண்டை வீட்டாராயின.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. ஆலைத் தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், கொடுக்க மறுப்பவர் முதலாளி. இருவருக்கும் நடுவே நின்று வழக்குத் தீர்க்க வேண்டியது அரசு. மின்வாரிய ஊழியரோ, பள்ளி ஆசிரியரோ, வட்டாட்சியர் அலுவலக எழுத்தரோ கேட்டால், மறுப்பவரும் அரசு. நடுவராக நிற்க வேண்டியவரும் அரசு. கேட்பது குற்றம் என்று சட்டம் இயற்ற வல்லவரும் அரசு. மூன்று வேடத்தையும் ஒருவரே ஏற்றால் பேச்சுவார்த்தை என்னவாகும்? 2003ஆம் ஆண்டில் தமிழகம் இக்கேள்விக்கு ஒரு விடையைக் கண்டது. அந்த விடையின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆற்றங்கரையின் பழைய வழக்குகள்

கூலி வழக்கு நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. பாபநாசம் ஆலையை நிறுவிய அதே ஹார்வி நிறுவனத்தாருக்குத் தூத்துக்குடியில் கோரல் ஆலை இருந்தது. 1908 பிப்ரவரி இறுதியில் அந்த ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். ஏறத்தாழ ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. தொழிலாளர் வென்றனர், ஆனால் மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் வேறு அரசியல் காரணம் கூறிக் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. கம்பெனியோடு பேசித் தீர்ந்துவிட்ட ஒரு வழக்கின் சூட்டை அரசு வேறு வழியில் தணித்துக்கொண்டது என்றே மக்கள் கருதினர்.

தொண்ணூற்றொரு ஆண்டுகள் கழித்து அதே ஆற்றின் கரையில் இன்னொரு துயரம் நிகழ்ந்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலி உயர்வுக்காகவும், சிறையிலிருந்த தொழிலாளரின் விடுதலைக்காகவும் 1999 ஜூலை 23ஆம் நாள் திருநெல்வேலியில் ஊர்வலம் சென்றது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நெருங்குகையில் காவல்துறை தடியடி நடத்தியது. தப்ப ஆற்றில் இறங்கியோர் உட்பட 17 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு பச்சிளங்குழந்தையும் இருந்தது. அங்கே முதலாளி ஒரு தனியார் நிறுவனம். நடுவராயிருக்க வேண்டிய அரசின் வாசலுக்கு மனுவோடு வந்தவர்களுக்கே அந்தக் கதி நேர்ந்தது.

நடுவர் நடுவராக நில்லாத இடத்தில் எளியவன் என்ன ஆவான் என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டின. நடுவரே எதிர்வழக்காடியாகவும் அமர்ந்த கதை, மாஞ்சோலைத் துயரம் நடந்து நான்கு ஆண்டுகள் நிறையுமுன்னே வந்தது.

கருவூலத்தின் கணக்கு

அரசின் தரப்பையும் நேர்மையோடு கேட்க வேண்டும். மத்திய அரசின் ஐந்தாம் ஊதியக் குழுவை ஒட்டித் தமிழக அரசு 1998இல் தன் ஊழியருக்கும் ஊதியத்தைத் திருத்தியது. அதன்பின் சம்பளச் செலவும் ஓய்வூதியச் செலவும் வேகமாக ஏறின. இந்தியாவின் பல மாநிலங்கள் அந்நாளில் இதே நெருக்கடியில் இருந்தன. 2001 மே மாதம் ஆட்சிக்கு வந்த ஜெ. ஜெயலலிதா அரசு, அவ்வாண்டு ஆகஸ்டில் மாநில நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. வரி வருவாயின் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடுகிறது. மருத்துவமனைக்கும் சாலைக்கும் பாசனத்துக்கும் மிஞ்சுவது சொற்பம் என்பது அரசின் முறையீடு.

இம்முறையீட்டை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அம்பாசமுத்திரத்து வயலில் நாற்று நடும் பெண் தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் அவ்விலையில் வரி உண்டு. அவ்வரியினின்றே ஆசிரியரின் சம்பளமும் எழுத்தரின் சம்பளமும் வருகின்றன. அவளுக்கு விடுப்புச் சம்பளம் இல்லை. பண்டிகை முன்பணம் இல்லை. அரசு ஊழியர் போராடியபோது ஊர் மக்களுள் பலர் வாளாவிருந்தார்கள் என்றால், ‘கிம்பளம்’ என்ற சொல் தமிழில் வழங்குவதற்குக் காரணமான அலுவலகங்களும் அந்த மௌனத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

ஆகவே செலவைக் குறைக்க வேண்டுமா என்பதில் பெரிய கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. எவ்வாறு குறைப்பது, யாரிடமிருந்து குறைப்பது, யாரைக் கேட்டுக்கொண்டு குறைப்பது என்பவையே வழக்குக்குரிய கேள்விகள்.

ஆணையும் வேலைநிறுத்தமும்

அரசு ஆணைகளின் வழியே குறைக்கத் தொடங்கியது. ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் வசதி, ஓய்வூதியத்தைக் கணக்கிடும் முறை, அதன் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் அளவு என ஒவ்வொன்றிலும் கத்தரி விழுந்தது. முப்பதாண்டு பணிபுரிந்து, ஓய்வு பெறும் நாளில் வரப்போகும் தொகையை நம்பி மகளின் திருமணத்துக்கு நாள் குறித்திருந்தவருக்கு அது வெறும் புள்ளிவிவரம் அன்று. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்புகளான ஜாக்டோ-ஜியோவும் கோட்டா-ஜியோவும் இழந்த உரிமைகளைத் திருப்பித் தரும்படி கேட்டன. கருவூலத்தில் பணம் இல்லை என்றது அரசு. இரண்டுக்கும் இடையே இசைவு பிறக்கவில்லை. 2003 ஜூலை 2ஆம் நாள் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது.

அரசு அதற்கு முன்பே ஆயத்தமாயிருந்தது. இன்றியமையாப் பணிகள் பராமரிப்புக்கென 2002இல் இயற்றிய சட்டம், மக்கள் வழக்கில் ‘டெஸ்மா’, கையில் இருந்தது. சங்கத் தலைவர்களும் முன்னணியினரும் கைதாயினர். ஜூலை முதல் வாரத்திலேயே அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது; விசாரணை இன்றியே வேலைநீக்கம் செய்ய அது வழி திறந்தது. ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலையிழந்தனர். இந்திய வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் இல்லை. காலியான நாற்காலிகளில் அமர, மாதம் 4,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் தற்காலிகப் பணியாளர்கள் எடுக்கப்பட்டனர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பட்டதாரிகள் அவ்வேலைக்கு வரிசையில் நின்றனர். அண்ணன் இழந்த நாற்காலியில் தம்பி அமரவும் கூடும் என்ற நிலை. வேலையில்லாதவனின் பசியைக் கொண்டு வேலையிலிருப்பவனின் வாயை அடைப்பது பழைய ஆலை முதலாளிகள் அறிந்த உத்தி. அதை மக்களாட்சி அரசொன்று கையாண்டதை நாம் கண்டோம்.

வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடுக என்று அங்கிருந்து திருப்பியனுப்பப்பட்டது. பின்னர் தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் முதலியோரின் மனுக்கள் உச்சநீதிமன்றத்தை எட்டின. நீதிமன்றத்தின் வற்புறுத்தலால் அரசு சற்றே இறங்கியது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி இவ்வாறு நடவேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுப்போரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள இசைந்தது. கைதானோரும் வழக்குப் பதிவானோரும் இதில் சேரவில்லை. எஞ்சிய 6,072 பேரின் முறையீட்டை ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் கேட்பது என்று ஏற்பாடாயிற்று. நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் ஆகியோர் 2003 ஆகஸ்ட் 6ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு இதைப் பதிவு செய்ததோடு நிற்கவில்லை. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்டப்படியான உரிமையும் இல்லை, அறவழிப்பட்ட உரிமையும் இல்லை என்று அது உரைத்தது.

ஆகஸ்ட் 6: அதே நாளின் இன்னோர் ஆணை

அந்நாளைச் செய்தித்தாள்கள் தீர்ப்பின் நாளாகவே நினைவில் வைத்தன. ஆனால் அதே 2003 ஆகஸ்ட் 6ஆம் தேதியைத் தாங்கிய இன்னொரு தாளும் உண்டு. அது தமிழக நிதித்துறையின் 259ஆம் எண் அரசாணை. 2003 ஏப்ரல் 1 அன்றும் அதற்குப் பின்னும் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமே உண்டு என்பது அதன் சாரம்.

பழைய முறையில் ஊழியர் தம் சம்பளத்திலிருந்து எதுவும் செலுத்தாமலே, முழுப் பணிக்காலம் முடித்தால் கடைசிச் சம்பளத்தின் பாதி வாழ்நாள் முழுதும் வரும்; அவர் மறைந்தபின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். புதிய முறையில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பத்துப் பிடிக்கப்படும். அரசும் அதற்கு ஈடான தொகை சேர்க்கும். ஆனால் மாதந்தோறும் இவ்வளவு வரும் என்ற உறுதி அதில் இல்லை.

இரண்டும் ஒரே நாளில் வந்தது திட்டமிட்ட பொருத்தம் என்று கூற நமக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அப்பொருத்தம் நமக்குக் கற்பிப்பது பெரிது. 1,70,000 குடும்பங்களின் அன்றாட உணவே கேள்விக்குறியாய்த் தொங்கியபோது, இனிமேல் பணிக்கு வரப்போகிறவரின் முதுமையைப் பற்றிக் குரலெழுப்ப யாருக்கு நெஞ்சில் இடம் இருந்திருக்கும்? அந்நாளில் பிந்தி வந்தோர்க்குச் சங்கம் இல்லை. பலருக்கு வேலையே இல்லை. சிலர் இன்னும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் இல்லாத அவையில் அவர்களுடைய முதுமை தீர்மானிக்கப்பட்டது.

மறு ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழகத்தில் ஓரிடமும் பெறவில்லை. 2004 மே மாதத்தில் முதலமைச்சர் பல நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றார். நம் மக்களை நெடுநாள் கலங்கவைத்த மதமாற்றத் தடைச் சட்டம் அப்போதுதான் விலகியது. கோயில்களில் நன்றித் திருப்பலி நிறைவேற்றிய பங்குகள் உண்டு. வேலைநிறுத்தம் செய்தோர் மீதான நடவடிக்கைகளும் அதே அறிவிப்பில் கைவிடப்பட்டன. இழந்த சலுகைகளுள் பலவும் பின்வந்த ஆண்டுகளில் திரும்பின. திரும்பாமல் நின்றது 259ஆம் அரசாணை. வாக்குச்சீட்டுக்கு அஞ்சிய அரசும், உறுப்பினருக்கு விடை சொல்ல வேண்டிய சங்கமும், அவையில் இருந்தவரின் காயத்தை முதலில் ஆற்றின. அவையில் இல்லாதவரின் காயம் ஆறாமலே இருந்தது.

செக்கேமில் நடந்த பேச்சுவார்த்தை

திருநூலிலும் இத்தகைய பேச்சுவார்த்தை ஒன்று உண்டு. சாலமோன் கோவிலும் அரண்மனையும் எழுப்பியது மக்களின் கட்டாய உழைப்பால். அவர் இறந்தபின் மகன் ரெகபெயாமை அரசனாக்கச் செக்கேமில் மக்கள் கூடினர். தந்தையார் சுமத்திய நுகத்தை இலகுவாக்கினால் உமக்கு ஊழியம் செய்வோம் என்று அவர்கள் வேண்டினர். அரசன் மூன்று நாள் தவணை கேட்டான். முதியோர் இணங்கிப்போகச் சொன்னார்கள். உடன் வளர்ந்த இளைஞர் கடுமை காட்டச் சொன்னார்கள். அவன் இளைஞர் பேச்சைக் கேட்டான். பத்துக் குலங்களை இழந்தான். அரசர் முதல் நூல் 12ஆம் அதிகாரம் கூறும் இக்கதையில் மக்கள் அரசையே மறுக்கவில்லை, வரியையும் மறுக்கவில்லை. சுமையைக் குறைக்கும்படி மட்டுமே கேட்டனர். ஆளும் கை வலிமையுடையதாகத் தோன்றும் நேரத்தில்தான் பேச்சுவார்த்தை மிகவும் தேவைப்படுகிறது என்பதை அவ்வரசன் அறியவில்லை.

திருச்சபையின் படிப்பினை இருதரப்பையும் விட்டுவைக்கவில்லை. 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், இருதரப்பும் ஒப்புக்கொண்டது என்பதால் மட்டும் கூலி நீதியானதாகிவிடாது. உழைப்பவனைக் கண்ணியமாக வாழவைக்கப் போதுமானதாகவும் அது இருக்க வேண்டும் என்று கற்பித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேலைநிறுத்தம் இக்காலத்திலும் இறுதி வழியாகத் தேவைப்படலாம். ஆயினும் இயன்ற விரைவில் பேச்சுவார்த்தைக்குத் திரும்ப வேண்டும் என்றது. 1981இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிய தம் மடலில் மேலும் தெளிவுபடுத்தினார். வேலைநிறுத்தத்தில் பங்கேற்றதற்காகத் தொழிலாளியைத் தண்டிக்கலாகாது என்றார். அதே மூச்சில், சமுதாயத்துக்கு இன்றியமையாத பணிகள் தடைபடக்கூடாது. வேலைநிறுத்தத்தை அரசியல் சூதாட்டத்துக்குப் பயன்படுத்தலாகாது. சங்கம் தன் கூட்டத்தின் தன்னலமாகச் சுருங்கிவிடலாகாது என்றும் எச்சரித்தார்.

இவ்வெளிச்சத்தில் 2003ஐ நோக்கினால், அரசு முதற்பகுதியை மீறியது என்பது கண்கூடு. உரிமை உண்டா இல்லையா என்ற சட்ட வாதத்தில் அரசு வென்றிருக்கலாம். ஆனால் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி வேலை தருவது மனித மாண்பை மதிக்கும் செயல் ஆகாது. பிற்பகுதியோ சங்கங்களை நோக்கியது. அதைச் சங்கங்கள் மட்டுமன்றி நாமும் நின்று படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஆசிரியர் அறையில்

பாளையங்கோட்டை மறைமாவட்டத்திலும் அதைச் சூழ்ந்த மறைமாவட்டங்களிலும் நமக்கு அரசு உதவிபெறும் பள்ளிகள் பல உண்டு. அவற்றின் ஆசிரியர்க்கும் அரசுக் கருவூலத்தினின்றே சம்பளம் வருகிறது. 259ஆம் அரசாணை அவர்களையும் தொட்டது. ஆகவே நம் ஆசிரியர் அறைகளிலேயே இவ்வரலாறு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தது. 2002இல் சேர்ந்தவரும் 2004இல் சேர்ந்தவரும் அருகருகே அமர்ந்து ஒரே விடைத்தாளைத் திருத்தினர். ஒருவருக்கு உறுதியான முதுமை. மற்றவருக்கு உறுதியற்ற முதுமை. இருவருக்கும் இடையே இருந்த வேற்றுமை தகுதியில் இல்லை, உழைப்பில் இல்லை, நாட்காட்டியில் மட்டுமே இருந்தது.

அவ்வறையின் கோடியில் மூன்றாம் நாற்காலி ஒன்றும் உண்டு. பணியிடம் நிரப்ப அரசின் ஒப்புதல் கிட்டாததால் நிர்வாகமே சிறு ஊதியம் கொடுத்து அமர்த்திய ஆசிரியர் அதில் இருக்கிறார். பெரும்பாலும் அவர் பெண். பழைய ஓய்வூதியமும் புதிய ஓய்வூதியமும் அவருக்குத் தொலைதூரப் பேச்சு. அவர் சம்பளம் பற்றி எச்சங்கமும் எந்நிர்வாகத்தோடும் பேசுவது அரிது. அந்த நிர்வாகங்களுள் நம்முடையவையும் உண்டு. அரசு முதலாளியாகவும் நடுவராகவும் ஒருங்கே அமர்வது தவறு என்று கூறும் நாம், நம் நிறுவனங்களில் மேலாளராகவும் மேய்ப்பராகவும் ஒருங்கே அமர்வோரிடம் அதே கேள்வியைப் பணிவோடு கேட்கத்தான் வேண்டும்.

ஆண்டவர் சொன்ன திராட்சைத் தோட்ட உவமை (மத்தேயு 20) நமக்கு நன்கு தெரிந்தது. விடியற்காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலி ஒரு தெனாரியம். மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் அதே தெனாரியம். முந்தி வந்தோர் முணுமுணுத்தனர். அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. பிந்தி வந்தவனுக்குக் கிடைத்தது அவர்களை உறுத்தியது. பிந்தி வந்தவன் ஏன் பிந்தினான் என்பதற்கு உவமையிலேயே விடை உண்டு: அவனை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பத்தாண்டு காத்திருந்த நம் ஊர்ப் பட்டதாரியின் விடையும் அதுவே. தோட்டக்காரரோ அவனுடைய வயிற்றைப் பார்த்தார். அவன் வந்த நேரத்தைப் பார்க்கவில்லை. நம் அரசு வந்த நேரத்தைப் பார்த்தது.

பழைய ஓய்வூதியத்துக்கான போராட்டம் பின்னும் ஓயவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கிச் சில நாட்களில் திரும்பியது. இம்முறை பிந்தி வந்தோரின் ஓய்வூதியமே தலையாய கோரிக்கை. 2003க்குப் பின் வந்தோர் அதற்குள் சங்கங்களில் பெருந்தொகையினராகிவிட்டனர். 2025 பிப்ரவரியில் தமிழக அரசே ஓய்வூதிய முறைகளை ஆராய மூவர் குழு ஒன்றை அமைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய பெயர் மேசைமீது வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஓய்வு பெற்றவர்களும், பணியிலேயே இறந்தவர்களும் உண்டு. எத்திட்டம் வந்தாலும் அவர்கள் காத்திருந்த காலம் திரும்ப வராது.

அரசுகள் இனியும் செலவைக் குறைக்க வேண்டியே வரும். சங்கங்கள் இனியும் மறுக்கவே செய்யும். அப்போதெல்லாம் மேசையின் இருபுறமும் அமர்ந்திருப்போரை எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. பாபநாசத்து அணையில் நீரைப் பங்கிடும்போது ஆற்றின் கடைமடை வயல்களையும் கணக்கில் கொள்வது இப்பள்ளத்தாக்கின் நெடுநாள் நியாயம். கடைமடைக்காரன் அணைக்கு வந்து நின்று கேட்க முடியாது. அவனுக்காகத் தலைமடையில் ஒருவர் பேச வேண்டும். ஊதியத்தின் கடைமடையில் இருப்போருக்காகப் பேசும் கடமை, அவையில் இடம் பெற்ற ஒவ்வொரு கத்தோலிக்க ஆசிரியருக்கும் ஊழியருக்கும் சங்க உறுப்பினருக்கும் பள்ளி நிர்வாகிக்கும் உண்டு.